ஆபீஸ் போனில் ரெக்கார்டர், ஹோல்டு பாட்டு, குடோன் ஸ்பீக்கர்: எதை எங்கே சொருகுவது?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறோம். ஆபீசில் 3 வெளி லைன், 12 எக்ஸ்டென்ஷன் உள்ள பழைய ஈபிஏபிஎக்ஸ் (ஆபீசின் உள் போன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) இருக்கிறது. ஒரு லைன் பி.எஸ்.என்.எல். ஃபைபர் மோடத்தின் போன் போர்ட்டிலிருந்து வருகிறது. மற்ற இரண்டும் சிம் போட்ட ஜிஎஸ்எம் டெர்மினல். தேனி, உசிலம்பட்டி, மேலூர் கடைக்காரர்கள் போனில்தான் ஆர்டர் சொல்வார்கள். அறுபது மூட்டை என்றாரா, இருபது மூட்டை என்றாரா என்று அடிக்கடி தகராறு வருகிறது. எல்லா போன் காலையும் ரெக்கார்ட் செய்ய ஆசை. தெரிந்த பையன் ஒருவர் போன் வயரிலிருந்து இரண்டு கம்பியை இழுத்து, பின் வைத்துக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் சொருகினார். இரைச்சல்தான் பதிவானது, அந்த லைனும் எந்நேரமும் எங்கேஜ்டு. ஹோல்டில் போட்டால் பாட்டு கேட்கவும், பின்கட்டு குடோனில் உள்ள ஆம்ப்ளிஃபயரில் ஆபீஸ் போனிலிருந்தே ஆளைக் கூப்பிடவும் வழி சொல்லுங்கள்.

பதில்: முதல் வேலையாக அந்த மைக் பின்னைப் பிடுங்கிவிடுங்கள். லைன் எங்கேஜ்டு ஆனதற்கும் இரைச்சலுக்கும் காரணம் அதுதான். இன்னும் விட்டுவைத்தால் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டும் போகும்.

போன் வயரில் பேச்சு மட்டும் ஓடவில்லை. ரிசீவர் கீழே இருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட் டிசி நிற்கும். ரிசீவரை எடுத்தால் 20 முதல் 40 மில்லியாம்பியர் கரண்ட் ஓடும், வோல்டேஜ் 6 முதல் 10 வோல்ட் வரை இறங்கும். இந்தக் கரண்டை வைத்துத்தான் ‘ஆள் போனை எடுத்துவிட்டார்’ என்று மறுமுனை தெரிந்துகொள்கிறது. சவுண்ட் கார்டை நேராகக் கட்டினால் அதன் வழியாகவும் கரண்ட் ஓடும், எக்ஸ்சேஞ்ச் அதை எடுத்த ரிசீவர் என்றே நினைக்கும். மணி அடிக்கும்போதோ அந்த 48 வோல்ட்டின் மேல் 75 வோல்ட் ஏசி ஏறி வருகிறது. மைக் ஓட்டை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

இரைச்சலுக்குக் காரணம் எர்த். போன் லைனின் இரண்டு கம்பியும் தரையோடு சேராமல் சமநிலையில் நிற்க வேண்டியவை. கம்ப்யூட்டரின் ஆடியோ கிரவுண்டோ பவர் பிளக்கின் மூன்றாவது பின் வழியாகக் கட்டிட எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. பின்னைச் சொருகியதும் லைனின் ஒரு கம்பி எர்த்தில் போய் உட்கார்ந்துவிட்டது, 50 ஹெர்ட்ஸ் ஹம் (கரண்டின் உறுமல்) உள்ளே வந்துவிட்டது. ஆகவே கீழே சொல்லப்போகும் மூன்று வேலைக்கும் ஒரே விதி: போன் சிஸ்டத்துக்கும் வெளிக் கருவிக்கும் நடுவே உலோகத்தோடு உலோகம் தொடக்கூடாது. இடையில் 600 ஓமுக்கு 600 ஓம் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும். கருவிக்குள்ளேயே இருந்தாலும் சரி, தனியாக வாங்கிப் போட்டாலும் சரி.

இனி ரெக்கார்டிங். எங்கே தட்டி எடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வெளி லைன் பக்கம் எடுத்தால் 3 சேனல் போதும், வெளியிலிருந்து வரும், வெளியே போகும் எல்லாக் காலும் பதிவாகும். எந்த எக்ஸ்டென்ஷனில் யார் பேசினார் என்று மட்டும் அதில் தெரியாது, ஆபீசுக்குள் பேசும் இன்டர்காம் பேச்சும் பதிவாகாது. எக்ஸ்டென்ஷன் பக்கம் எடுத்தால் அந்த இரண்டும் கிடைக்கும், ஆனால் 12 சேனல் வேண்டும். உங்கள் பிரச்சினை கடைக்காரர் சொன்ன மூட்டைக் கணக்கு. அதற்கு வெளி லைன் பக்கமே சரி. இன்னொரு காரணமும் உண்டு. ஆபரேட்டர் மேசையில் பட்டன் நிறைய உள்ள டிஜிட்டல் கீபோன் இருந்தால், அதன் இரண்டு வயரில் ஓடுவது அந்தக் கம்பெனிக்கே உரிய டிஜிட்டல் சிக்னல். அனலாக் ரெக்கார்டரைக் கட்டினால் வெறும் சீறல்தான் கேட்கும். அந்த ஒரு போனை மட்டும் பதிய வேண்டுமென்றால் ரிசீவருக்கும் போனுக்கும் நடுவில் உள்ள சுருள் வயரில் அடாப்டர் போட வேண்டும்.

பேசியது யார் என்பது தெரிய வேண்டுமானால் ஈபிஏபிஎக்ஸின் எஸ்எம்டிஆர் (கால் விவரம்) போர்ட்டைப் பயன்படுத்துங்கள். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் 9 பின் சீரியல் போர்ட்டாக இருக்கும். ஒவ்வொரு கால் முடிந்ததும் தேதி, நேரம், எக்ஸ்டென்ஷன், வெளி லைன், டயல் செய்த நம்பர், பேசிய நேரம் என்று ஒரு வரி அதில் வெளியே வரும். யுஎஸ்பி சீரியல் வயர் போட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்தால், ரெக்கார்டிங் ஃபைலின் நேரத்தோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம். இதற்கு ஈபிஏபிஎக்ஸ் கடிகாரமும் கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். பழைய பெட்டியின் உள் பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

கருவி என்று பார்த்தால், 4 சேனல் யுஎஸ்பி போன் லாகர் (பல லைன் பேச்சைக் கம்ப்யூட்டரில் பதியும் கருவி) ஒன்று வாங்குவதே நல்லது. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஆர்ஜே11 சாக்கெட் இருக்கும், ஐசோலேஷன் உள்ளேயே இருக்கும். கூப்பிடுபவர் நம்பர் (காலர் ஐடி) லைனில் டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே என்று இரண்டு வகையில் வரும், இரண்டையும் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கிரோன் பாக்ஸில் (போன் வயர் ஜோடிகளைச் சேர்க்கும் பெட்டி) வெளி லைன்கள் வந்து சேரும் இடத்தில், ஒவ்வொரு ஜோடிக்கும் பேரலலாக ஒரு ஜோடி இழுத்து லாகருக்குக் கொடுக்க வேண்டும். வயரை அதில் அழுத்தி இறக்கும் கிரோன் டூல் வைத்து அடியுங்கள். கத்தியால் சீவி முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் மழைக்காலத்தில் பச்சை பிடித்து கரகரக்கும். சீரிஸில் கட்டும் வகை ரெக்கார்டர் வேண்டாம், அது பழுதானால் லைனையும் சேர்த்து அறுத்துவிடும். பேரலல் வகை பழுதானால் பெரும்பாலும் பதிவு மட்டும்தான் நிற்கும், வியாபாரம் நிற்காது.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் அடுத்தது. லாகர் ‘கால் தொடங்கியது, முடிந்தது’ என்பதை வோல்டேஜ் பார்த்துத் தீர்மானிக்கிறது. கடையில் வரும்போது அது 48 வோல்ட் லைனுக்கு ஏற்ற அளவில் இருக்கும். ஆனால் ஜிஎஸ்எம் டெர்மினலும் ஃபைபர் மோடமும் கொடுக்கும் வோல்டேஜ் அதைவிடக் குறைவாக இருப்பது சகஜம், சிலவற்றில் 24 வோல்ட் பக்கம்தான் நிற்கும். லாகரின் எல்லை 26 வோல்ட் என்று இருந்தால், சும்மா கிடக்கும் அந்த லைனை ‘எடுத்த ரிசீவர்’ என்று எடுத்துக்கொண்டு, காலை முதல் இரவு வரை ஒரே ஃபைலாகப் பதிந்துவிடும். மாலையில் திறந்து பார்த்தால் பத்து மணி நேர ஃபைல், அதில் எங்கே உசிலம்பட்டிக்காரர் என்று தேட வேண்டும்.

ஆகவே மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, மூன்று லைனிலும் ரிசீவர் கீழே இருக்கும்போதும், எடுத்துப் பேசும்போதும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதன் நடுவில் எல்லையை வையுங்கள். 48க்கும் 8க்கும் இடையில் 26 முதல் 28. 24க்கும் 6க்கும் இடையில் 15. ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக வைக்க முடிகிற லாகர்தான் உங்களுக்கு உதவும். வயர் அறுந்தோ டெர்மினல் அணைந்தோ போனால் வோல்டேஜ் பூஜ்யமாகும், அதையும் ‘பேச்சு’ என்று நினைத்துப் பதியும். 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் லைன் இல்லை என்று அமைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். சத்தம் வந்தால் பதியத் தொடங்கும் முறை வேறொன்று உண்டு. வோல்டேஜ் முறை வேலை செய்யும் இடத்தில் அது தேவையில்லை. அதில் முதல் சொல் விழுங்கப்படும், உங்களுக்கு அந்த முதல் சொல்லே ‘அறுபது’ ஆகவும் இருக்கலாம்.

அந்தப் பையனுக்கு உண்மையிலேயே சால்டரிங்கில் கை இருந்தால், ஒரு லைனுக்கு மட்டும் கையால் செய்து பார்க்கலாம். லைனின் ஒவ்வொரு கம்பியிலும் 0.1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் ஒன்று. அதன் பிறகு 600:600 டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி. செகண்டரியின் குறுக்கே இரண்டு 1என்4148 டயோடு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். அங்கிருந்து ஷீல்டு வயரில் கம்ப்யூட்டருக்கு. கெப்பாசிட்டர் டிசியை அடியோடு நிறுத்தும். மணியின் 25 ஹெர்ட்ஸுக்கு இந்த இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம் ஓமுக்கு மேல் தடை காட்டும், பேச்சின் 1,000 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 3,200 ஓம்தான். மீறி வரும் குத்தல்களை டயோடு 0.6 வோல்ட்டில் வெட்டிவிடும். கம்ப்யூட்டரில் இளஞ்சிவப்பு மைக் ஓட்டையை விட்டு, நீல நிற லைன்-இன்னில் சொருகுங்கள். மைக் ஓட்டையில் மைக்குக்கென்று சிறு டிசி வோல்டேஜ் வேறு வருகிறது. லேப்டாப்பில் லைன்-இன் இருக்காது, அதற்கு லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்க வேண்டும். வேலை செய்யும். ஆனால் கால் கணக்கு, காலர் ஐடி எதுவும் கிடைக்காது. மூன்று லைனுக்கும் இதைச் செய்வது வீண் உழைப்பு.

டிஸ்க் இடத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். போன் பேச்சு நொடிக்கு 8,000 மாதிரி, 64 கிலோபிட். மணிக்கு 28.8 எம்பி ஆகிறது. மூன்று லைனும் தலைக்கு 4 மணி நேரம் பேசினால் நாளுக்கு சுமார் 346 எம்பி, 26 வேலை நாளுக்கு 9 ஜிபி. சுருக்கிய ஜிஎஸ்எம் ஃபார்மட்டில் அது 2 ஜிபிக்கும் கீழே வரும். இடம் மலிவாகக் கிடைக்கும்போது பேச்சை நசுக்குவானேன், சுருக்காமலே வையுங்கள். கம்ப்யூட்டரில் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள், விண்டோஸ் அப்டேட்டை இரவு நேரத்துக்கு மாற்றுங்கள். ஈபிஏபிஎக்ஸ், ஃபைபர் மோடம், இரண்டு டெர்மினல், லாகர் கம்ப்யூட்டர் ஐந்தும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். மோடம் அணைந்தால் அந்த லைனே இல்லை, பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து பவர் வந்த காலம் போய்விட்டது.

சட்ட விஷயம் சுருக்கமாக. பேசுபவருக்குத் தெரியாமல் பதியாதீர்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-ல் வந்துவிட்டது. உங்கள் பெட்டியில் வரவேற்புச் செய்தி கார்டு இருந்தால், ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒரு வரி பதிந்து வையுங்கள். இல்லையென்றால் போனை எடுப்பவர் வாயாலேயே சொல்லலாம். ஊழியர்களிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு கோர்ட் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்) கேட்கிறார்கள். மூல ஃபைலைத் தொடாமல் வையுங்கள், வெட்டிய துண்டு கைகொடுக்காது. நடைமுறையில் பெரும்பாலான தகராறுகள் ‘ரெக்கார்ட் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாமா’ என்றதுமே முடிந்துவிடும்.

அடுத்து ஹோல்டு பாட்டு. ஈபிஏபிஎக்ஸில் எம்ஓஹெச் (மியூசிக் ஆன் ஹோல்டு) அல்லது மியூசிக் என்று எழுதிய 3.5 மில்லிமீட்டர் ஓட்டையோ ஆர்சிஏ சாக்கெட்டோ இருக்கும். அது பெரும்பாலும் மோனோ. ஹெட்போன் ஸ்டீரியோ பின்னை அப்படியே சொருகினால் வலது சேனல் கிரவுண்டோடு ஷார்ட் ஆகும், பிளேயர் சூடேறிச் சாகும். இடது, வலது இரண்டிலும் தலா ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அவற்றின் மறுமுனைகளை ஒன்றாக்கி மோனோ பின்னின் நுனிக்குக் கொடுங்கள். நேராக இரண்டையும் முறுக்கிவிடாதீர்கள். ஹம் வந்தால் இங்கேயும் அதே டிரான்ஸ்ஃபார்மர்.

பிளேயர் வாங்கும்போது சத்தத்தின் தரத்தை விட ஒன்றை முக்கியமாகச் சோதியுங்கள்: பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினால் தானாகப் பாடத் தொடங்குகிறதா? பல பென்டிரைவ் பிளேயர்கள் கரண்ட் வந்ததும் ஸ்டாண்ட்பையில் உட்கார்ந்து பட்டன் அழுத்தக் காத்திருக்கும். கரண்ட் போய்வந்த பிறகு நாள் முழுக்க ஹோல்டில் அமைதிதான், ஆபீசில் யாருக்கும் தெரியாது, மறுமுனைக்காரர் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார்.

வால்யூமைப் பிளேயரில் காது வைத்துப் பார்க்காதீர்கள். வெளியே ஒரு செல்போனிலிருந்து கூப்பிட்டு, ஹோல்டில் போடச் சொல்லி, அங்கே கேட்டுக்கொண்டே அமையுங்கள். பேச்சை விடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். இரண்டு லைன் ஜிஎஸ்எம் என்பதால் இன்னொரு சங்கடம்: செல்போனில் பேச்சைச் சுருக்கும் கோடெக் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. மேளம், கோரஸ், வயலின் கூட்டம் எல்லாம் அதில் கொப்பளித்து உடையும். போன் லைனே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், தவிலின் அடி அதில் பாதி காணாமல் போகும். தனி வீணை, தனிப் புல்லாங்குழல் ஓரளவு தேறும். அதைவிட, ஒரு தெளிவான குரலில் கடை நேரம், லாரி கிளம்பும் நாள், சரக்கு வகை சொல்லிப் பதிந்தால் சுத்தமாகக் கேட்கும், காத்திருப்பவருக்கும் உபயோகம். சினிமாப் பாட்டு போடுவதானால் ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற உரிமை அமைப்புகளின் லைசென்ஸ் தேவைப்படும். எஃப்எம் ரேடியோவைக் கட்டுவதை மறந்துவிடுங்கள், போட்டிக் கடையின் விளம்பரத்தை நீங்களே உங்கள் வாடிக்கையாளர் காதில் போடுவீர்கள்.

பதிவிலோ ஹோல்டு பாட்டிலோ ‘டிட் டிட் டிட்’ என்று வெட்டி வெட்டி ஒரு உறுமல் வந்தால் வயரைக் குறை சொல்லாதீர்கள். அது ஜிஎஸ்எம் டெர்மினலின் ஆன்டெனா. 2ஜி சிக்னல் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அடிக்கிறது, பக்கத்தில் ஓடும் ஆடியோ வயர் அதைப் பிடித்துவிடும். டெர்மினலை லாகர், பிளேயர் இரண்டிலிருந்தும் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, முடிந்தால் ஆன்டெனாவை நீட்டு வயரில் ஜன்னல் பக்கம் வையுங்கள். ஷீல்டு வயரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் சேருங்கள்.

குடோன் ஸ்பீக்கருக்கு, ஈபிஏபிஎக்ஸில் பேஜிங் (ஸ்பீக்கரில் அறிவிக்கும்) போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் இன்புட்டுக்குக் கொடுங்கள். மைக் இன்புட்டில் கொடுத்தால் அளவுக்கு மீறிக் கிழியும். குடோன் ஆம்ப்ளிஃபயர் வேறு ஃபேஸில், வேறு எர்த்தில் இருப்பதால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே ஹம் நிச்சயம். பேஜிங் போர்ட் இல்லையென்றால், ஒரு எக்ஸ்டென்ஷனில் மணி வந்ததும் தானாக எடுக்கும் பேஜிங் அடாப்டரைப் போட்டு அந்த நம்பரை அழுத்தலாம். வாங்கும்போது, பேசி வைத்ததும் அது லைனை விடுகிறதா என்று பாருங்கள். விடாவிட்டால் பிஸி டோன் குடோன் முழுக்க ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பீக்கர்கள் 100 வோல்ட் லைனில் இருந்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரின் டேப் வாட்டையும் (அதன் டிரான்ஸ்ஃபார்மரில் தேர்ந்தெடுத்த வாட் அளவு) கூட்டிப் பாருங்கள். 60 வாட் ஆம்ப்ளிஃபயரில் 10 வாட் டேப்பில் நாலு ஸ்பீக்கர் தாராளம். அதே லைனில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்தால் அந்த ஸ்பீக்கரும் போகும், ஆம்ப்ளிஃபயரும் போகும். ஸ்பீக்கர் வயரையும் போன் வயரையும் ஒரே பைப்பில் விடாதீர்கள். ஹார்ன் ஸ்பீக்கருக்கு எதிரே நின்று அறிவித்தால் ஊளையிடும், அறிவிக்கும் போன் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும்.

மோடம் ஃபைபரில் வந்தாலும் குடோன் வரை ஓடும் செம்பு வயர் இடி மின்னலுக்குப் பாதை. கிரோன் பாக்ஸில் அந்த ஜோடிக்கு 230 வோல்ட் மூன்று முனை கேஸ் அரெஸ்டர் (மின்னல் வோல்டேஜை எர்த்துக்குத் தள்ளும் சிறு குழல்) போட்டு, நடு முனையைப் பெட்டியின் எர்த்தோடு தடித்த வயரில் சேருங்கள். எர்த் இல்லாத அரெஸ்டர் சும்மா அலங்காரம்தான்.

வேலையை ஞாயிற்றுக்கிழமை, கடை அடைப்பில் வையுங்கள். முதலில் வோல்டேஜ் அளவு, பிறகு லாகர், ஒவ்வொரு லைனிலும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சோதனைக் கால், பதிவைத் திறந்து இரண்டு பக்கக் குரலும் கேட்கிறதா என்று பார்த்தல். அதன் பிறகே பாட்டும் ஸ்பீக்கரும். ஒவ்வொன்றையும் சேர்த்த பின் முந்தைய பதிவை மறுபடி கேளுங்கள். ஹம் எந்தக் கருவியோடு வந்தது என்று அப்போதுதான் தெரியும், மூன்றையும் ஒரே மூச்சில் கட்டிவிட்டுத் தேடினால் அன்று மாலைக்குள் முடியாது.